சைக்கிளுக்கு ஒன்லைனில் ஓடர் போட முதல், சந்திக் கடையை ஒருதரம் பாருங்கள்

ஒன்லைனில் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் அதற்கு முதல் தங்கள் சந்தியில் இருக்கும் சைக்கிள் கடைக்கு ஒருதரம் போய், அங்கே என்னென்ன அளவு ரயர் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு வருவது நல்லது. கியர் எத்தனை, சொக்கப்சர் இருக்கிறதா, என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. வன்னியில் ஒரு சைக்கிள் எத்தனை வருஷம் ஓடும், எப்போது வீட்டுப் பத்தியில் சாத்தப்படும் என்பதை அந்தக் கடைதான் முடிவு செய்கிறது.

வேலைக்கு ஓடும் சைக்கிளைப் பற்றியோ பந்தயச் சைக்கிளைப் பற்றியோ நான் இங்கே பேசவில்லை. பின்னேரம் வெயில் தணிந்த பிறகு குளக்கட்டுப் பக்கம் ஐந்தாறு கிலோமீற்றர் ஓடிவிட்டு வரவும், கோயிலுக்கும் கடைக்கும் போய்வரவும், முதுகும் கையும் நோகாமல் நிமிர்ந்திருந்து மிதிக்கவும் ஒரு சைக்கிள். விலையும் கையைக் கடிக்கக் கூடாது. விசுவமடுவில் இருக்கும் என் சின்னம்மா தேடியது இப்படி ஒன்றைத்தான். வயது ஐம்பத்தெட்டு, சீனி வருத்தம், கன தூரம் நடந்தால் முழங்கால் நோவு. கிளினிக்கில் சைக்கிள் ஓடச் சொல்லிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் மகன் உடனே வட்சப்பில் படங்களை அனுப்பத் தொடங்கினான். எல்லாமே இருபத்தொரு கியர், முன்னுக்குச் சொக்கப்சர், இரண்டு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். “அண்ணை, நீங்களே பார்த்து ஒண்டைச் சொல்லுங்கோ, நான் காசைக் கட்டுறன்” என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான்.

சரி, ஒரு சைக்கிளை ஓட எது சுகமாக்குகிறது? முதலில் ஹாண்டில். அது சீற்றைவிடக் கொஞ்சம் உயர்ந்து, பிடிகள் நம் பக்கமாக வளைந்து வந்தால் முதுகு நிமிரும், மணிக்கட்டில் பாரம் இறங்காது. ஆனால் நிமிர்ந்து இருக்கும்போது உடம்புப் பாரம் முழுக்கச் சீற்றுக்குத்தான் போகும். ஆகவே சீற் அகலமாகவும் அடியில் ஸ்பிரிங் உள்ளதாகவும் இருக்க வேண்டும். கையால் அமத்திப் பார்க்கும்போது மெத்தென்று அமிழும் சீற்றைக் கண்டு மயங்காதீர்கள். அரை மணித்தியாலம் ஓடினால் தொடை உரசி எரியத் தொடங்கும். கொஞ்சம் இறுக்கமான அகலச் சீற்தான் நின்று பிடிக்கும். அடுத்தது ரயர். கொஞ்சம் அகலமான ரயரில் காற்றை அளவோடு விட்டு ஓடினால் அது தரும் சுகத்தை மலிவுச் சொக்கப்சர் தராது. 26×1.95 ரயர் என்றால் காற்றழுத்தம் 40 பீ.எஸ்.ஐ அளவு போதும். கொம்பிரசரில் கல்லுப் போல அடித்துவிட்டு, “சைக்கிள் குலுக்குது” என்று குறை சொல்பவர்கள்தான் இங்கே அதிகம்.

மகன் அனுப்பிய வகையை முதலில் எடுப்போம், ஏனென்றால் ஒன்லைனில் தேடினால் முன்னுக்கு வந்து நிற்பதும் அதுதான். மலிவு விலை மவுண்டின் பைக். படத்தில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அதன் முன் சொக்கப்சர் பெரும்பாலும் இரும்புக் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். அதுவே இரண்டு கிலோவுக்கு மேல் பாரம். நம் கிறவல் வீதிச் செம்புழுதி அதற்குள் இறங்கி, பிறகு மாரியில் நனைந்து, ஒன்றில் இறுகிப் போகும், இல்லாவிட்டால் டக் டக் என்று அடிக்கத் தொடங்கும். திருத்தப் பாகமும் கிடைக்காது. டிஸ்க் பிரேக்கின் தட்டு, பெட்டியில் வரும் வழியிலேயே மெல்ல வளைந்துவிடும். வந்த நாளிலிருந்து சர் சர் என்று உரசும். அதன் பிரேக் கட்டை ஒவ்வொரு மொடலுக்கும் ஒவ்வொரு வடிவம். கிளிநொச்சி நகரத்தில் தேடினால் ஒருவேளை கிடைக்கும், உடையார்கட்டில் கிடைக்குமா?

ஹாண்டில் இன்னொரு கரைச்சல். அந்த வகையில் ஹாண்டில் நேராக, தாழ்வாக இருக்கும். அதைத் தாங்கும் தண்டு பக்கவாட்டில் போல்ற் போட்டு இறுக்கும் வகையாக இருந்தால் உயர்த்துவதற்கு இடமே இல்லை. மேலே ஒற்றைப் போல்ற் உள்ள பழைய வகைத் தண்டு என்றால் இளக்கி விரும்பிய அளவுக்கு உயர்த்தலாம், தண்டில் கீறியிருக்கும் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் இழுக்கக் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்த நடுக்குழாய். சேலை உடுத்துபவர் காலைத் தூக்கிப் போட்டு ஏறும் உயரமா அது?

கியர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பிள்ளைகள் அதிகம் பிடிவாதம் பிடிப்பது இதில்தான். அவர்கள் இருக்கும் ஊரில் ஏற்றம் இருக்கிறது. இங்கே பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை போகும் ஏ-35 வீதியில் மிதிக்கக் கஷ்டமான ஏற்றம் என்றால் பாலத்தில் ஏறும் இடத்தைத்தான் சொல்லலாம். வன்னியில் சைக்கிள்காரருக்கு மலை என்றால் காற்றுத்தான். வைகாசி கழிந்தால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும், ஆவணி வரை விடாது. விசுவமடுவிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போகும்போது முதுகில் தள்ளிவிடும். திரும்பி வரும்போதுதான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். (அதனால் அந்த மாதங்களில் முதலில் தருமபுரம் பக்கம் போய்விட்டுத் திரும்புவது புத்தி. களைத்த பிறகு காற்று நம் பக்கம் இருக்கும்.)

இந்தக் காற்றுக்கு இருபத்தொரு கியர் தேவையில்லை. கியர் இல்லாத சைக்கிளில் முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 18 பல் இருப்பது வழக்கம். 26 அங்குலச் சில்லில் ஒரு முழு மிதிக்கு ஏறத்தாழ ஐந்து மீற்றர் போகும். பின் பல்சில்லான பிறிவீலை மட்டும் 20 பல்லுக்கு மாற்றினால் அது நாலரை மீற்றராகக் குறையும். வேகம் கொஞ்சம் விழும், மிதி நன்றாக இலேசாகும். பிறிவீல் மலிவு, மாற்றுவது கடையில் சின்ன வேலை, சிலவேளை செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரும். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கியர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று போதும், அதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

மவுண்டின் பைக்குக்கு ஒரு நியாயம் உண்டு, மறைக்கக் கூடாது. உங்கள் வீடு தார் வீதியிலிருந்து உள்ளுக்கு, கிறவல் ஒழுங்கையில், சல்லி பெயர்ந்து அலை அலையாகக் கிடக்கும் இடத்தில் என்றால் அதன் அகல ரயர் பெரிய ஆறுதல். துணுக்காய், மல்லாவி உள்வீதிகளில் இருப்பவர்களுக்கு மெல்லிய ரயர் சரிவராது. அப்படியானவர்கள் 26×1.95 அல்லது 26×2.125 ரயர், முன் சில்லைத் தாங்கும் கவை சொக்கப்சர் இல்லாத சாதாரணக் கவையாகவும், பிரேக் றிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கும் வி பிரேக்காகவும் உள்ள ஒன்றைத் தேடுங்கள். அதே கடைகளில் விலையும் குறைவாகவே இருக்கும், ஆனால் தேடலில் கடைசிப் பக்கத்தில் கிடக்கும்.

அடுத்தது ஜப்பான் சைக்கிள். ஜப்பானில் பாவித்து இங்கே இறக்குமதியாகி, துடைத்து, சில்லு நிமிர்த்தி விற்கப்படுபவை. இக்மன் விளம்பரத் தளத்தில் தேடினால் வவுனியா, அனுராதபுரம், கொழும்பு என்று விளம்பரங்கள் வரும். பொழுதுபோக்கு ஓட்டத்துக்கென்றே செய்தது போன்ற அமைப்பு: தாழ்ந்த நடுக்குழாய், நம்மை நோக்கி வளைந்த ஹாண்டில், ஸ்பிரிங் சீற், மட்காட், செயின் மூடி, முன்னுக்குக் கூடை, பின் சில்லில் வளையப் பூட்டு, டைனமோ விளக்கு. செயின் மூடி சின்ன விஷயமாகத் தெரியும். சேலைத் தலைப்பும் சட்டை விளிம்பும் செயினில் மாட்டிக் கிழிந்த அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பலவற்றில் பின் சில்லின் நடுவுக்குள்ளேயே மூன்று கியர் இருக்கும். வெளியே தொங்கும் கியர் செற் இல்லாததால் பஸ்ஸில் ஏற்றினாலும் கீழே விழுந்தாலும் வளைய ஒன்றுமில்லை, புழுதியும் போகாது. நின்றபடியே கியர் மாற்றலாம். முதல் கியர் நடுக் கியரைவிடக் கால்வாசிக்கு மேல் இலேசு. கச்சானுக்கு இது தாராளம். நான் முன்பு சொன்ன வழி இதுதான்.

ஆனால் ஜப்பான் சைக்கிளில் ஒரு பொறி இருக்கிறது. அதன் சில்லு இரண்டு அளவில் வருகிறது, 26 அங்குலம், 27 அங்குலம். உயரமானவர்கள் ஆசைப்பட்டு 27 எடுத்துவிடுவார்கள். அந்த 27×1⅜ ரயர் றிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 609 மில்லிமீற்றர். ஜப்பானுக்கு வெளியே அந்த அளவு அரிது. இங்கே சைக்கிள் கடையில் தொங்கும் எதுவும் அதில் ஏறாது. ரயர் தேய்ந்த அன்றைக்குச் சைக்கிளும் நின்றுவிடும். 26×1⅜ எடுத்தால் இந்தக் கவலை இல்லை, நம்மூர் லேடிஸ் சைக்கிள்கள் பலவற்றில் பூட்டுவதும் அதே அளவுதான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். 26 அங்குலம் என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றில்லை. 26×1⅜ ரயரின் உள் விட்டம் 590 மில்லிமீற்றர், 26×1.95 ரயரின் உள் விட்டம் 559. ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது. 27.5 என்பது 584, 700சி என்பது 622, அப்பாவின் பழைய ராலிச் சைக்கிளில் இருக்கும் 28×1½ என்பது 635. ரயரின் பக்கச் சுவரில் 37-590, 50-559 என்ற மாதிரி இரண்டு எண்கள் பொறித்திருக்கும். விற்பவரிடம் அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பின்னால் உள்ள எண்ணைச் சந்திக் கடைக்காரரிடம் காட்டி, “இது உங்களிட்டைக் கிடக்கோ?” என்று கேட்டால் பாதி முடிவு வந்துவிடும்.

காற்றடிக்கும் வால்வையும் அதே படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் வால்வு, மோட்டார் சைக்கிள் வால்வு இரண்டுக்கும் எங்கேயும் காற்றடிக்கலாம். 700சி சில்லுள்ள ஹைபிரிட் வகைகள் சிலவற்றில் மெல்லிய ஊசி போன்ற வால்வு வருகிறது. அதற்குத் தனி முனை வேண்டும். வழியில் நெருஞ்சிமுள்ளோ உடைமுள்ளோ குத்தி ஒட்டுப் போட்ட பிறகு, அந்த முனை இல்லாமல் உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். ஹைபிரிட் கார்ப்பெட் வீதிக்கு நல்ல சைக்கிள், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் கையைக் கடிக்காத விலைக்குள் வரும் ஹைபிரிட்டுகளில் நிமிர்ந்து இருக்க முடியாது. அதனால் அதை இத்துடன் விடுகிறேன்.

ஜப்பான் சைக்கிளை நேரில் பார்க்காமல் வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். பாவித்த பொருள். பின் சில்லைத் தூக்கிப் பெடலைச் சுற்றிப் பார்க்க வேண்டும், மூன்று கியரும் விழுகிறதா, பின் பிரேக் பிடிக்கும்போது பன்றி கத்துவது போல் கத்துகிறதா, சட்டத்தில் பெயின்ற் பூசி மறைத்த வெடிப்பு இருக்கிறதா என்று. பெடல் பூட்டும் இடத்துக்குக் கீழே அல்லது சீற்றைத் தாங்கும் குழாயில் சட்டத்தின் இலக்கம் பொறித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். வாங்கினால் அந்த இலக்கத்தோடு பில் வாங்கி வையுங்கள், களவு போனால் பொலிசில் முறைப்பாடு கொடுக்க அதுதான் கேட்பார்கள். வவுனியாவில் அல்லது கிளிநொச்சியில் உங்கள் சார்பில் போய்ப் பார்க்க ஆள் இருந்தால் இதைவிட நல்ல தெரிவு இந்த விலைக்குள் இல்லை.

ஆள் இல்லையா? அப்படியானால் உள்ளூரில் செய்து விற்கும் புதுச் சைக்கிள். லுமாலா போன்ற பெயர்களில் வரும் கியர் இல்லாத லேடிஸ் மொடல். இதில் வியப்பு ஒன்றும் கிடையாது, அதுதான் இதன் பலம். ரயர், ரியூப், பிரேக் கட்டை, பிறிவீல், அச்சுக்குள் உருளும் குண்டுகளான போல்ஸ் எல்லாம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். இரும்புச் சட்டம் என்பதால் விரிசல் விட்டாலும் ஒட்டித் தருவார்கள். பாரம் கூடத்தான், ஆனால் சமதரையில் அது பெரிதாகத் தெரியாது. ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள், றிம் அலுமினியமா இரும்பா என்று. நிக்கல் பூசிய இரும்பு றிம்மில் மழை நனைந்தால் பிரேக் பிடிப்பது வெகுவாகக் குறையும், மாரியில் ஏ-9 வீதியைக் குறுக்கறுக்கும்போது அது விளையாட்டில்லை. முல்லைத்தீவு, கொக்குளாய்ப் பக்கம் கடற்காற்றில் இரும்பு றிம் கறள் கட்டுவதும் கெதி. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அலுமினிய றிம் எடுங்கள். கூட வரும் சீற் பெரும்பாலும் சுமார்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பிரிங் சீற் ஒன்று தனியாக வாங்கிப் போட்டு, பிறிவீலையும் 20 பல்லுக்கு மாற்றினால் நிமிர்ந்து ஓடச் சுகமான சைக்கிள் ரெடி.

வீட்டுப் பத்தியில் பழைய ராலி சாத்திக் கிடந்தால் அதையும் யோசிக்கலாம். புது ரயர், புதுப் போல்ஸ், புதுச் சீற் போட்டால் செலவு மிகக் குறைவு, ஓட்டமும் அருமை. உயரமும் நடுக்குழாயும் இரும்புத் தண்டால் இழுக்கும் கம்பி பிரேக்கும் பழகியவர்களுக்கு மட்டும்.

விலைகளை இங்கே எழுதவில்லை, இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். 2022 இல் எரிபொருள் வரிசை நீண்ட காலத்தில் ஏறிய சைக்கிள் விலை பழைய நிலைக்கு இறங்கவே இல்லை. ஆனால் அந்த நேரம் அவசரத்துக்கு வாங்கி, பெற்றோல் வந்ததும் மூலையில் விட்ட சைக்கிள்கள் இன்னமும் விற்பனைக்கு வருகின்றன. அதிகம் ஓடாதவை, விசாரித்துப் பார்க்கலாம். கையில் இருக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைச் சீற், பூட்டு, ஒரு ரியூப், பின் விளக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்குத் தேடுங்கள். பின் விளக்குக் கட்டாயம். பின்னேரம் இருட்டி வரும்போது மாடுகள் சூடான தாரில் வந்து படுக்கும், வாகனக்காரர் மாட்டை விலத்தும்போது உங்களையும் காண வேண்டும்.

இனி ஓடர் போடும் விஷயம். டராஸ் போன்ற சந்தையில் காசை அந்தத் தளத்தின் ஊடாகவே கட்டுங்கள். முகநூல் பக்கத்தில் அழகான படம் போட்டு, “முற்பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கோ, நாளைக்கு அனுப்புறம்” என்பவர்களிடம் எனக்குத் தெரிந்த ஒருவர் போட்ட பணம் போனதுதான், பக்கமும் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஓடர் போட்டால் தொலைபேசி இலக்கமாக வீட்டில் இருப்பவரின் இலக்கத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். கூரியர்காரர் ஒழுங்கையைத் தேடி அழைக்கும்போது கனடாவில் நடுச்சாமம். உள் ஊர்களுக்குப் பெரிய பெட்டியைக் கொண்டுவராமல் நகரக் கிளையில் வந்து எடுக்கச் சொல்வதும் உண்டு. லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கோ ஓட்டோவுக்கோ கொடுக்கும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெட்டியை உடனே எரிக்க வேண்டாம். பழுதென்று திருப்பி அனுப்புவதானால் அதே பெட்டிக்குள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

சின்னம்மாவுக்கு எது எடுத்தோம் என்றால், மச்சான் ஒருவர் வேறு அலுவலாக வவுனியா போக இருந்தார். இக்மனில் பார்த்து வைத்த 26 அங்குல ஜப்பான் சைக்கிள் ஒன்றை அவரே ஓடிப் பார்த்து, பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தார். மகனுக்கு முதலில் மனமில்லை, “பழசையோ அம்மாவுக்கு வாங்குறியள்?” என்று கேட்டான். அந்த மச்சான் போகாமல் இருந்திருந்தால் உள்ளூர்ப் புதுச் சைக்கிளைத்தான் சொல்லியிருப்பேன்.

பெட்டியில் வரும் புதுச் சைக்கிள் முழுசாகப் பூட்டி வராது. முன் சில்லு, ஹாண்டில், சீற், பெடல் இரண்டும் கழன்று வரும். அலன் கீயும் ஸ்பானரும் இருந்தால் வீட்டில் பூட்டலாம், ஆனால் இரண்டு இடத்தில் கவனம். முன் கவையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டிவிடுவது சாதாரணமாக நடக்கும். கவையின் நுனி வளைவு முன்னுக்குப் பார்க்க வேண்டும், முன் பிரேக் கவைக்கு முன்பக்கம் நிற்க வேண்டும். மாறிப் பூட்டினால் திருப்பத்தில் கால் சில்லில் முட்டும். அடுத்தது இடப்பக்கப் பெடல். அதன் புரி மறுபக்கம், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றித்தான் இறுக்க வேண்டும். பெடல் அச்சின் நுனியில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். முதலில் கையால் சுற்றுங்கள். நாலைந்து சுற்று இலேசாகப் போனால் மட்டும் ஸ்பானரை எடுங்கள். இறுக்கமாக இருக்கிறதென்று ஸ்பானரால் அமத்தினால் பெடல் பூட்டும் கையான கிறாங்கின் புரி வழுக்கிவிடும்.

முதல் கிழமைகளில் பிரேக் கம்பி கொஞ்சம் நீளும், இழுத்துக் கட்டினால் சரி. சில்லுக் கம்பிகளையும் ஒருதரம் இறுக்குவிக்க வேண்டும். அதோடு இரண்டு கிறாங்கின் நடு நட்டையும் மறக்காமல் இறுக்குங்கள், முக்கியமாக இடப்பக்கத்தை. அது இளகி ஆடுவது தெரிந்தும் “நாளைக்குப் பார்ப்பம்” என்று ஓடினால் உள்ளே இருக்கும் சதுரத் துளை உருண்டுவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிறாங்கையே மாற்ற வேண்டி வரும்.